பூஜையில் வைத்த டேப்

நெய்வேலியில் மலை கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாங்களே கட்டிய மலை இருந்தது. பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடந்த மண்ணையெல்லாம் வெட்டி, ஓடும் பெல்ட்டில் ஏற்றி, ஒரு பக்கமாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். டவுன்ஷிப்பின் மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தால் நீளமாகத் தெரியும். விருந்தாளிகள் வந்தால் பிள்ளைகள் அதைக் காட்டி, "எங்க ஊர் மலை" என்பார்கள். அது நின்ற இடத்தில் முன்பு முந்திரித் தோப்பும் நாலைந்து கிணறும் இருந்ததைப் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை.

எனக்கு அந்த மண்மேட்டில்தான் வேலை. எழுபதுகளின் கடைசி வருஷங்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இருபத்தாறு வயதில் பர்மனெண்ட் ஆகி, இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்து, தலைக்கனம் பிடித்துத் திரிந்த காலம். மேட்டின் உச்சியில் விரிசல் விட்டால், அதற்கு இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை அடித்து, நடுவில் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒரே நாளில் நாலு விரல் அகலம் கூடிவிட்டால், அடியில் வேலை செய்கிறவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு பேனா. என் உத்தியோகத்தைக் கேட்டு என் மனைவியே சிரித்திருக்கிறாள்.

அடைமழையில்தான் மண்மேடு ஆளைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். கார்த்திகையில் அது ஊறி, உப்பி, அங்கங்கே சரிந்து ஒரு நிலைக்கு வந்திருக்கும். நாமும் பயந்து தள்ளியே நிற்போம். ஆபத்து முதல் மழையில். சித்திரை வெயிலில் கொட்டிய மண் மாவாக உலர்ந்து கிடக்கும். அதன் மேல் ஆடியில் வெள்ளைக் களிமண்ணைக் கொட்டியிருப்போம், அதன் மேல் செம்மண், அதற்கும் மேல் மணல். பெல்ட் எதைக் கொண்டுவருகிறதோ அது. மேலே நின்று பார்த்தால் இறுகிப்போய், லாரியே ஓட்டலாம் போல இருக்கும். முதல் மழைத் தண்ணீர் மேலே நிற்காது. விரிசலில் இறங்கி நேராக அந்த மாவுக்கும் களிமண்ணுக்கும் போய்விடும். உள்ளே சோப்புப் போட்ட தரை போல ஆகிவிடும். அதன் மேல் ஒரு தெரு அகலத்துக்கு மண், எதையும் பிடித்துக்கொள்ளாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதை எனக்குப் புரிகிறபடி சொன்னவர் எந்த இன்ஜினியரும் இல்லை, கேட்டில் நின்ற காவலாளி. பட்டாளத்தில் காஷ்மீர் மலைகளில் இருந்துவிட்டு வந்தவர். எதைப் பேசினாலும் காஷ்மீரில் கொண்டுபோய் விடுவார். எங்கள் ஷெட்டில் அவருக்குப் பெயரே காஷ்மீர்தான்.

"அங்கயும் இதே கதைதான் சார்" என்பார். "சீசன் தொடக்கத்துல விழுற மொதப் பனி இருக்கே, அது நாள்பட காஞ்சி ஜீனி மாதிரி பொலபொலன்னு ஆயிடும். அதுமேல எவ்வளவு பனி விழுந்தாலும் ஒட்டாது. பார்க்க கல்லு மாதிரி இருக்கும். ஒருத்தன் குறுக்க நடந்தா போதும், மொத்தமும் பாயை இழுத்த மாதிரி வந்துடும். நடுச் சீசன்ல நாங்க இவ்வளவு பயந்ததில்ல. மொத மாசந்தான் சார் பயம்."

"நெய்வேலியில பனி எப்போ விழும்னு சொல்லுங்க, ஸ்வெட்டர் வாங்கணும்" என்பேன் நான். ஷெட்டே சிரிக்கும். பாவம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இனி அவரைச் சொல்ல வேண்டும், வடிகால்காரரை. இன்று எழுதும்போது அவர் என்கிறேன். அன்று எனக்கு அவன்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மேட்டின் அடியில் ஓடிய வடிகாலைத் தூர் வாருகிற கான்ட்ராக்ட் ஆள். பக்கத்துக் கிராமம், தோப்பு சுரங்கத்துக்குப் போய்விட்டது. அவர் என்னை சார் என்பார். நான் அவரை "ஏய்" என்பேன். அவர் தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு தகர டப்பா வைத்திருந்தோம். அதை அவ்வப்போது ஒளித்து வைத்துவிட்டு, நாக்கு வறண்டு அவர் தேடுவதை வேடிக்கை பார்ப்போம். நாங்கள் எட்டுப் பேர் பர்மனெண்ட் ஆட்கள். வேலை இல்லாத மதியங்களில் எங்களுக்கு அதுதான் சினிமா.

அவருக்கு ஒரே ஆசை, பர்மனெண்ட் ஆக வேண்டும். இடைவிடாமல் வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் ஆட்களின் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அவருடைய வருகைப் பதிவேடு என் மேசையில் இருந்தது. அது என் மேசையில் இருப்பதை நான் அவருக்கு மறக்க விட்டதே இல்லை. காய்ச்சலோடு ஒருநாள் நடுங்கிக்கொண்டு வந்து நின்றபோதுகூட, "போய்ப் படுக்கணும்னா படு, நான் ஆப்சென்ட் போட்டுக்கறேன்" என்றேன். அவர் படுக்கவில்லை.

ஊரிலிருந்து அவர் வேலைக்கு வரக் குறுக்குவழி மண்மேட்டின் மேல் வழியாகத்தான். மேட்டைத் தாண்டி இறங்கி, காஷ்மீரின் கேட் வழியாக உள்ளே வருவார். அதனால் விரிசலை எனக்கு முன்னால் தினமும் பார்க்கிறவர் அவர். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் எடுத்து விரிசலின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு வருவார். மறுநாள் கோடு முழுசாக இருந்தால் மண் அசையவில்லை. கோடு விண்டிருந்தால் அசைந்திருக்கிறது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. விரிசல் அளக்கும் ரிஜிஸ்டர் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் புது நோட்டு. அதை ஆயுத பூஜையில் சாமிக்கு முன் வைத்து, மறுநாள் விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து, பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவோம். மழையும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் யாருக்கும் இதில் தப்புத் தெரியவில்லை. அந்த வருஷம் பூஜை பிந்தி வந்தது, மழை முந்தி வந்தது. பூஜைக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கி விட்டு விட்டுப் பெய்தது. பழைய நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது, புது நோட்டை இன்னும் திறக்கக் கூடாது. சரி, மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று நான் மேட்டின் மேல் ஏறவே இல்லை. செருப்பில் சேறு ஒட்டும் என்பதும் ஒரு காரணம்.

ஆயுத பூஜை அன்று காலை ஷெட்டுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தோம். மண் கொட்டும் ராட்சச மிஷினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அன்றைக்கு அதை நிறுத்தி வைத்துவிட்டோம். ஷெட்டில் சாமி படத்துக்கு முன் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினோம். கடப்பாரை, சுத்தியல், அளக்கும் டேப், புது ரிஜிஸ்டர், பேனா, வருகைப் பதிவேடு. வடிகால்காரர் தன் சொந்த மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார். காஷ்மீர் தன் கேட் நோட்டைக்கூடக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தீபாராதனை முடிந்தது. மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது.

பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது வடிகால்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், மேட்டுல கோடு விண்டு போச்சுங்க. மூணு கோடு போட்டிருந்தேன், மூணுமே விண்டு போச்சு. நேத்து நாலு வெரலு இருந்துச்சு, இன்னைக்கி ஒரு சாண். வாய தொறந்துகினு இருக்குதுங்க. டேப்ப எடுத்துகினு ஒரு எட்டு வாங்க சார்."

"பூஜையில வச்சதை எடுக்கச் சொல்றியா?"

"இல்லீங்க, ஒரு தபா அளந்துட்டு வச்சிடலாங்க."

"எதுல எழுதறது? நோட்டும் பூஜையில இருக்கு. உன் சாணை ரிஜிஸ்டர்ல ஏத்த முடியுமாடா?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் அப்படிப் பேசினேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குரலே உயர்த்தாத மனுஷர். "இன்னைக்கு மிஷினே ஓடலீங்களே. மண்ணு கொட்டுனாத்தானுங்க சரியும்? கொட்டாத அன்னைக்கு எப்படிச் சரியும்?" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வருஷம் பூராவும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மிஷின் நின்றால் மண்ணும் லீவில் இருக்கும் என்று தோன்றிவிட்டது. தண்ணீருக்கு லீவு கிடையாது என்பது ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை.

பிறகு தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். பெரிய அதிகாரி பூஜை பார்க்கப் பதினொரு மணிக்கு வருகிறாராம். வடிகால் அடைத்துக்கொண்டு ஜீப் வரும் பாதையில் தண்ணீர் நிற்கிறதாம். தூர் எடுத்துவிட்டால் நல்லது என்றார்.

நான் வந்து வடிகால்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அந்த எடம் விரிசலுக்கு நேர் கீழ. நாளைக்கி விடியக்காலம் வந்து எடுத்துடறேங்க."

"இன்னைக்கு ஜீப் வருது. நாளைக்கு எடுத்து என்ன, ஊறுகாய் போடவா?"

"மம்பட்டியும் பூசையில இருக்குதுங்களே" என்றார் மெல்ல.

அதுதான் அவர் பிடித்த கடைசிக் கொம்பு. நான் குனிந்து, சாமிக்கு முன்னாலிருந்த அவருடைய மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். டேப்பை எடுத்தால் தெய்வக்குற்றம். மண்வெட்டியை எடுத்தால் இல்லை. ஷெட்டில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. எனக்கும்தான்.

"போகலேன்னா ஆப்சென்ட். அப்புறம் பர்மனெண்ட் கிர்மனெண்ட்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அவர் மண்வெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி படத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தூறலில் இறங்கிப் போய்விட்டார். அவருக்கென்று கட்டிய பொரிப் பொட்டலத்தை யாரோ பிரித்துத் தின்றார்கள்.

அதிகாரி வரவில்லை. மழை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு லாரி மணலை மெதுவாகக் கவிழ்த்தால் கேட்குமே, அவ்வளவுதான். காஷ்மீர்தான் முதலில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். வெளியே வந்து பார்த்தால் வடிகால் இருந்த இடத்தில் வடிகால் இல்லை. மேட்டின் தோளிலிருந்து ஒரு பெரிய துண்டு அப்படியே, மேலே முளைத்த புல்லோடு, கீழே வந்து உட்கார்ந்திருந்தது. அது நழுவிய இடத்தில் வெள்ளைக் களிமண் வழவழவென்று பளபளத்தது.

பிறகு எல்லோரும் ஷெட்டுக்கு ஓடிப் பூஜையில் வைத்த கடப்பாரை, சுத்தியல், கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தோம். யாருக்கும் சாமி ஞாபகம் வரவில்லை. குத்துவிளக்கு கவிழ்ந்து எண்ணெய் கொட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. டேப்பும் நோட்டுகளும் மட்டும் வைத்த இடத்தில் கிடந்தன.

பொழுது சாய்கிற நேரத்தில் எடுத்தோம். குந்தின மாதிரி இருந்தார். வெற்றிலை போட்ட வாய் நிறைய எங்கள் மண். மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. காஷ்மீர்தான் பிரித்தார். நான் தள்ளி நின்றேன். வடிகால்காரரின் மனைவி வந்தபோது அவரைச் சாக்கில் கிடத்தி, அவளிடம் ஒப்படைத்தது நான்தான்.

மறுநாள் விஜயதசமி. பத்தரைக்கு மேல் நல்ல நேரம். நம்ப மாட்டீர்கள், அதே நேரத்தில்தான் நோட்டுகளைத் திறந்தோம். செக்‌ஷன் தலைவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"நேத்து பூஜை நாளுங்க. யாரையும் நாம வேலைக்குக் கூப்பிடலீங்க. அவன் எதுக்கு உள்ள வந்தான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

எழுது என்று அவர் சொல்லவில்லை. நான் சந்தனம் ஒட்டியிருந்த பேனாவை எடுத்து, வடிகால்காரர் பெயருக்கு நேரே, நேற்றைய கட்டத்தில், ஆப்சென்ட் போட்டேன்.

விசாரணை வந்தது. காஷ்மீர் மட்டும் சொன்னார்: "காலையில உள்ள போனாரு சார், நான் பார்த்தேன். இவங்கதான் வடிகாலுக்கு அனுப்பினாங்க." கேட் நோட்டைக் காட்டச் சொன்னார்கள். நோட்டில் முந்தின நாளோடு எழுத்து நின்றிருந்தது. "புக்கை நான்தான் சார் பூஜையில வெச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எட்டுப் பேரும் வடிகால்காரரைப் பார்க்கவே இல்லை என்றோம். அன்று அந்த மேட்டில் ஒரு நோட்டும் திறந்திருக்கவில்லை என்பது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அனுமதியில்லாமல் நுழைந்தவர் என்று முடிந்தது. காஷ்மீரை வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இல்லாத ஷெட்டில் கேலி செய்ய ஆள் கிடைக்காமல் கொஞ்ச நாள் எங்களுக்குப் பொழுது போகவில்லை.

தை மாதம் பர்மனெண்ட் பட்டியலை ஒட்டினார்கள். முன்பே தயாரானது போலும், வடிகால்காரர் பெயரும் இருந்தது.

அதைக் கேள்விப்பட்டு அவர் மனைவி வந்தாள். காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரலெல்லாம் முந்திரிப்பால் பட்டுத் தோல் உரிந்திருந்தது. என் மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"வேலையில இருக்கசொல்ல செத்தாருன்னு எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு வேலை போட்டுத் தருவாங்களாம் சார். அன்னைக்கி வந்தாருன்னு மட்டும் எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாங்க."

"ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட்னு இருக்கும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு சார் எழுதுனது?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் பதிவேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். படிக்கத் தெரியாது. பிறகு அழாமல், சண்டைக்கும் வராமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"வரலன்னு எழுதிகினீங்க, சரி. வராத ஆள எந்த மண்ணுலேருந்து சார் தோண்டி எடுத்து எங்கிட்ட குடுத்தீங்க?"

"சாப்பாட்டு நேரமாச்சு" என்றேன். "பெரிய ஆபீஸ்ல போய்க் கேளு."

ஷெட்டு மூலையில் அவருடைய மண்வெட்டி சாத்தியிருந்தது. புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆள் அதைத்தான் வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். "இது எங்க வூட்டு மம்பட்டி" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டில் புதுக் காவலாளி நிறுத்திவிட்டான். பாஸ் இல்லாமல் இரும்பு வெளியே போகக் கூடாது. வெயிலில் மண்வெட்டியோடு திரும்பி வந்து மறுபடி என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

நான் பாஸ் எழுதினேன். மண்வெட்டி, ஒன்று. கொண்டுவந்தவர் யார், எந்தத் தேதியில் உள்ளே வந்தது என்று அச்சடித்த இரண்டு இடம் இருந்தது. பேனா அங்கே நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயரையும் ஆயுத பூஜைத் தேதியையும் எழுதியிருந்தால் போதும், அவள் கேட்டது அதுதான். இரண்டு இடத்தையும் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.